தோட்டத்து ஜீப்: வில்லிஸா, ஃபோர்டா, மகிந்திராவா?

போடிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தன் ஜீப்பைப் பற்றி எப்போது பேசினாலும் "பர்மா சண்டைக்குப் போன வண்டி தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதம் அதைப் பார்க்கப் போயிருந்தேன். ஏழு இடுக்கு கிரில், உயரமான பானட், வலப்பக்க ஸ்டீயரிங். பார்த்த அரை நிமிடத்தில் மகிந்திரா என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டேன். அந்த முடிவு எங்கே தப்பிப்போனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இப்படி ஒரு பழைய வண்டி எதிரே நின்றால் அது எந்த வகையாக இருக்கும், ஒன்றை மற்றதிலிருந்து எப்படிப் பிரிப்பது என்று பார்த்துவிடுவோம்.

நம் ஊரில் 'பட்டாளத்து ஜீப்' என்ற பெயரில் நிற்பது பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் எம்பி. அதே வரைபடத்தை வைத்து ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ. 1945-லிருந்து 1949 வரை விவசாயிகளுக்கென்றே வில்லிஸ் விற்ற சிஜே-2ஏ. கடைசியாக, மகிந்திரா இங்கேயே பல வருடம் தயாரித்த சிஜே-3பி. ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்த ஜோங்காவும் உண்டு. ஆனால் அது நிசான் வழி வந்த பெரிய வண்டி, பார்த்த உடனே தெரிந்துவிடும், அதை விட்டுவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மகிந்திரா ஜீப்புகளும் இந்திய ராணுவத்தில் ஓடியவைதான். ஏலத்தில் எடுத்த மகிந்திராவைப் 'பட்டாளத்து வண்டி' என்பது பொய்யே அல்ல. 'உலகப் போர் வண்டி' என்று சொன்னால்தான் பொய்.

முதல் இரண்டும் ஒரே வண்டி மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1941-ல் ஒப்பந்தம் கிடைத்தது வில்லிஸுக்கு. ஒரே ஆலையை நம்பிப் போர் நடத்த முடியாது என்று அதே ஆண்டின் கடைசியில் ஃபோர்டையும் சேர்த்தார்கள். இதன் பாகத்தைக் கழற்றி அதில் மாட்டினால் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கண்டிப்பு. இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேலே செய்தன. போர்க்களத்துப் பட்டறையில் வில்லிஸ் எஞ்சின் ஃபோர்டுக்குப் போயிருக்கும், ஃபோர்டு ஆக்சில் வில்லிஸுக்கு வந்திருக்கும். அதனால் எண்பது வருடம் கழித்து இரண்டும் கலந்து நிற்பதைப் பார்த்து 'டூப்ளிகேட்' என்று ஒதுக்கக் கூடாது.

முகத்திலிருந்து ஆரம்பிப்போம், எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். போர் ஜீப்பின் தகரக் கிரில்லில் ஒன்பது இடுக்கு, சிவிலியன் ஜீப்பில், அதாவது சிஜே வகைகளில், ஏழு. போர் ஜீப்பின் ஹெட்லைட் சிறிது, கிரில்லுக்குள் பதுங்கி இருக்கும். அப்படியே மேலே திருப்பினால் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும், ராத்திரியில் ரிப்பேர் பார்க்க வசதி. சிஜே-2ஏ-யில் 7 அங்குல லைட் கிரில்லுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். 1942-க்கு முந்தைய வில்லிஸ்களில் தகரக் கிரில்லே கிடையாது, பட்டைக் கம்பிகளை வெல்டு செய்து வைத்திருப்பார்கள். அது அசலாகக் கிடைத்தால் பெரிய விஷயம். தகரத்தில் இடுக்கு வெட்டிக் கிரில் செய்யும் உத்தியை ஃபோர்டிடமிருந்துதான் பிறகு வில்லிஸ் எடுத்துக்கொண்டது.

பின்பக்கம் இன்னும் தெளிவாகப் பேசும். போர் ஜீப்புக்குப் பின்கதவு கிடையாது. மூடிய தகரம், அதில் ஸ்டெப்னி, பக்கத்தில் ஜெர்ரிகேன். சிஜே-2ஏ-க்கு இறக்கும் பின்கதவு உண்டு, ஸ்டெப்னி வலப்பக்கத்தில் தொங்கும். டீசல் கேனும் சாக்கு மூட்டையும் ஏற்றுகிறவனுக்குப் பின்கதவு வேண்டும், அதுதான் காரணம். பெட்ரோல் ஊற்றும் வாயையும் பாருங்கள். போர் ஜீப்பில் டிரைவர் சீட்டைத் தூக்கினால்தான் மூடி தெரியும். சிஜே-2ஏ-யில் அது வெளியே பாடியில் இருக்கும். பின்சக்கர மேட்டில் மூடி போட்ட சாமான் பெட்டி இரண்டு பக்கமும் இருந்தால் போர் ஜீப்பின் பாடி.

இனி ஏமாறும் இடங்கள். தோட்டத்துக்கு வந்த போர் ஜீப்பின் பின் தகரத்தை அறுத்துக் கதவு வைத்திருப்பார்கள். ஆரம்பகால சிஜே-2ஏ-யின் இடப்பக்கத்திலும் கோடாலி, மண்வெட்டி மாட்டும் பள்ளம் இருந்தது, போர்க்கால அச்சுகளையே முதலில் பயன்படுத்தினார்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் ஏமாந்திருக்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டி அடியில் பச்சை தெரிந்தால் சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. சிஜே-2ஏ ஆலையிலிருந்து வந்தபோதே அதில் 'பாஸ்ச்சர் கிரீன்' என்றொரு நிறம் இருந்தது. மேய்ச்சல் நிலத்துப் பச்சை, பட்டாளத்துப் பச்சை அல்ல.

ஸ்டீயரிங்கும் இதே கதைதான். போர் ஜீப்புகள் எல்லாமே இடப்பக்க ஸ்டீயரிங். ஆனால் இங்கே வந்தபின் பலவற்றை வலப்பக்கம் மாற்றினார்கள். இடப்பக்க ஸ்டீயரிங்கோடு ஓடிய மகிந்திராக்களும் உண்டு, பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும்.

பாடியைப் பற்றி என் கருத்து இதுதான்: இந்தியாவில் அது சாட்சியே இல்லை. ஹரியானாவின் மண்டி தப்வாலியில் ஜீப் பாடியைப் புதுசாகவே அடித்துத் தருகிறார்கள், ஒன்பது இடுக்கு கேட்டால் ஒன்பது. அசல் பாடியாகவே இருந்தாலும் வில்லிஸா ஃபோர்டா என்று சொல்லாது, 1944 வாக்கில் இரண்டு கம்பெனிக்கும் ஒரே ஆலைதான் பாடி செய்து கொடுத்தது. டாஷ்போர்டில் இருக்கும் பித்தளை நிறத் தகடுகளைப் பார்த்து மயங்கவே வேண்டாம். புதுசு புதுசாக அச்சடித்து விற்கிறார்கள்.

சாட்சி என்று பார்த்தால் பாடியை விட எஞ்சின் கொஞ்சம் மேல். போர் ஜீப்பிலும் சிஜே-2ஏ-யிலும் 134 கன அங்குல சைடு வால்வு எஞ்சின், ஹெட் தட்டையாக இருக்கும். சிஜே-3பி-யில் இன்டேக் வால்வு மேலே போய்விட்டது. அந்த உயரத்துக்காகத்தான் பானட்டைத் தூக்கினார்கள். பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பக்கம் வெட்டியிருக்கும் எண் 'எம்பி' என்று ஆரம்பித்தால் வில்லிஸ், 'ஜிபிடபிள்யூ' என்றால் ஃபோர்டு, 'ஜே' என்றால் சிவிலியன். ஆனால் எஞ்சின் என்பது மாறக்கூடிய பொருள். எண்பது வருடத்தில் அது ஒரு தடவையாவது மாறியிருக்கும்.

ஆக்சிலை அவ்வளவு எளிதில் யாரும் மாற்றுவதில்லை, அதனால் எனக்கு அது பிடிக்கும். வண்டியை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ண வேண்டும். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் ஆக்சிலின் பல் விகிதம் 4.88, அது போர் ஜீப்பின் கணக்கு. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் 5.38, அது சிவிலியன். ஏர் இழுக்கவும் பாரம் இழுக்கவும் வில்லிஸ் அதன் பல்லை மாற்றியது.

எல்லாவற்றையும் விட உறுதியான சாட்சி சேஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம். ரேடியேட்டருக்குக் கீழே, இரண்டு சட்டங்களையும் இணைக்கும் முன்குறுக்குச் சட்டத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்பி, வேறு பேச்சில்லை. கவிழ்த்த பெட்டி மாதிரி பட்டையாக இருந்தால் ஃபோர்டாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும், போருக்குப் பிந்தைய சிவிலியன் ஜீப்பிலும் உருண்டைக் குழாய் கிடையாது. அப்போது எண்ணைத் தேட வேண்டும். வில்லிஸில் அது ஒரு சின்னத் தகடு, இடப்பக்கச் சட்டத்தின் உள்முகத்தில், முன் பம்பரை ஒட்டி ரிவெட் அடித்திருக்கும். தகடு விழுந்துபோய் ரிவெட் ஓட்டை மட்டும் இருப்பது சகஜம். ஃபோர்டில் அது இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்திலேயே வெட்டப்பட்டிருக்கும், பம்பருக்கும் எஞ்சின் மவுண்டுக்கும் நடுவில். தகடு விழலாம், இது விழாது. கூடவே ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டின் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தை அடித்திருக்கும்.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சேஸ் எண்ணும் ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், வண்டி எவ்வளவு அசலாக இருந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

சரி, பெரியவரின் வண்டிக்கு வருகிறேன். பானட்டைத் தூக்கினோம், சிஜே-3பி எஞ்சின்தான். பாடி எங்கேயோ புதுசாக அடித்தது. சும்மா பார்ப்போமே என்று கீழே படுத்தேன். குறுக்குச் சட்டம் பட்டையாக இருந்தது, அதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை. அடுத்துப் பின்சக்கரத்தைச் சுற்றினோம், ஷாஃப்ட் ஐந்து சுற்று முடிக்காமல் நின்றது. மறுபடி சுற்றினேன், அதே கணக்கு.

இடப்பக்கச் சட்டத்தின் மேல் விரல் கனத்துக்கு எண்ணெயும் செம்மண்ணும் இறுகிக் கிடந்தன. கிரைண்டர் கொண்டு வரட்டுமா என்றார் டிரைவர். வேண்டவே வேண்டாம் என்றேன், வெட்டிய எழுத்தின் ஆழம் மிகக் குறைவு, கிரைண்டர் பட்டால் போய்விடும். டீசலில் துணியை நனைத்து அரை மணி நேரம் போர்த்தி வைத்தோம். அப்புறம் கம்பி பிரஷ், மெதுவாக. கடைசியில் உப்புத்தாள், அதுவும் தேய்ந்த தாள். சாக்பீஸைத் தேய்த்து டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது முதலில் ஒரு 'ஜி' தெரிந்தது. பிறகு 'பி'. மூன்றாவது எழுத்து பாதி தேய்ந்திருந்தது, ஆனால் 'டபிள்யூ'தான், அதற்குப் பின்னால் எண்கள்.

பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது. அவர் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தேன்.

"என்ன தம்பி எழுதியிருக்கு?"

"ஃபோர்டு கம்பெனி, பட்டாளத்துக்குன்னு செஞ்சதுங்கய்யா."

"பர்மாவுக்குப் போச்சா?"

அதைச் சேஸ் சொல்லாது. எண்ணை வைத்து எந்த மாதம் செய்தது என்று ஓரளவு கணக்கிடலாம், அவ்வளவுதான். ராணுவப் பதிவு எண் பானட்டின் பக்கத்தில் எழுதியிருக்கும், அந்த அசல் பானட் எப்போதோ போய்விட்டது. அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, "இந்த இடத்துல கிரீஸ் தடவி வைப்பா, துரு ஏறிடப் போகுது" என்றார்.