கோட்டாற்றுப் பாத்திரக் கடை: எந்த அலமாரிக்குப் போகலாம்

நாகர்கோவில் கோட்டாற்றுக் கடைத்தெருவில் உள்ள இந்தப் பாத்திரக் கடையை, சூடான உணவையும் எண்ணெயையும் பிளாஸ்டிக்கிலிருந்து விலக்கி வைக்க நினைக்கும் குடும்பத்தினருக்குத் தயங்காமல் சொல்வேன். ஆனால் கடையின் முன்பக்கம் அல்ல, பின்பக்கம்தான் அவர்களுக்கானது.

முன்பக்கத்தில் வண்ண வண்ண டப்பாக்கள். "பி.பி.ஏ. இல்லை" என்ற ஒட்டியுடன் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறது. அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை, அதன் தயாரிப்பில் பி.பி.ஏ. எனப்படும் பிஸ்பீனால் ஏ பயன்படுவதே இல்லை. சைவ ஓட்டலில் "மீன் இல்லை" என்று பலகை மாட்டுவது போன்ற விளம்பரம் அது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல உடலில் செயல்படக்கூடிய அந்த வேதிப்பொருள் பாலிகார்பனேட் என்ற கடினமான பிளாஸ்டிக்கிலும், டின்களின் உட்பூச்சான எப்பாக்சியிலும்தான் கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதற்கான தினசரி வரம்பை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மைக்ரோகிராம் என்பதிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. இதைச் சொன்னபோது கடைக்காரர், "அப்போ அந்தப் பக்கம் வாங்கோ" என்று பின்னால் அழைத்துப் போனார். வியாபாரியிடம் இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பின்பக்கத்தில் எவர்சில்வர் தூக்குவாளிகள், சம்புடங்கள், கண்ணாடிப் புட்டிகள், மெருகு பூசாத மண் மீன்சட்டிகள். புளியும் தேங்காயும் அரைத்துவிட்ட நம் ஊர் மீன்குழம்பு புளிப்பும் கொழுப்பும் சூடும் ஒன்றாகச் சேர்ந்த பண்டம். பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்கள் கசிவதற்கு இவையெல்லாம் துணை செய்பவை என்பதால், மிச்சக் குழம்பைச் சட்டியிலேயே வைப்பது வழக்கத்துக்காக மட்டும் அல்ல. சட்டி தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது. கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கிய பின் கசியவில்லை. செக்கில் தேங்காயெண்ணெய் வாங்குகிறவர்களுக்கு, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியும் எவர்சில்வர் தூக்கும் பொருத்தமானவை. பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் எண்ணெயில் எளிதில் கலப்பவை. எனவே எண்ணெய் ஊற்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட எவர்சில்வர் புனலையே கேட்டு வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. ஒட்டாத தோசைக்கல்லில் "பி.எஃப்.ஓ.ஏ. இல்லை" என்பதைப் பெரிதாகக் காட்டுகிறார்கள்; ஒட்டாத பூச்சுத் தயாரிப்பில் முன்பு பயன்பட்ட அந்த வேதிப்பொருள், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் 2019-இலேயே சேர்ந்துவிட்டது, அதற்குப் பதிலாக என்ன பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதற்குத்தான் அட்டையில் விளக்கம் இல்லை. இரும்புத் தோசைக்கல் இருக்கிறது, எடுத்துக்காட்டத்தான் சோம்பல்படுகிறார்கள். பில்லையும் வெப்பத்தாளில், அதாவது மையில்லாமல் சூட்டாலேயே எழுத்து பதியும் தாளில், அச்சிட்டுத் தருகிறார்கள். அத்தாளில் பெரும்பாலும் பிஸ்பீனால் வகை ஒன்று பூசப்பட்டிருக்கும் என்பதால், கையால் எழுதிய சீட்டு கேட்டேன், முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். மண்சட்டிக்கு மட்டும் விலை குறைப்பதில்லை.