புது டர்பன்டைனுக்குக் காசு, கதவுக்கு ஊற்றியது பிரஷ் கழுவியது

வீட்டுக்கு எனாமல் அடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் இப்போது சுரண்டி எடுக்க வேண்டிய நிலையில் இருக்கின்றன. வாங்கிக் கொடுத்த பெயின்ட் நல்ல பெயின்ட்தான்.

பெயின்டை இளக்கக் கலக்கும் டர்பன்டைனைப் புதிதாக வாங்கியதாகக் கான்ட்ராக்டர் பில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார். ஆனால் ஜன்னல் கம்பிக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு என்ற செம்பழுப்புப் பூச்சு அடித்த பிரஷ்களைக் கழுவி, தெளியவைத்திருந்த பழைய டர்பன்டைனைத்தான் வெள்ளை எனாமலில் கலந்திருக்கிறார்கள். வெள்ளை மங்கி, பழுப்பேறிய நிறத்தில் வந்தது. எனாமல் ஓர் இரவில் காய்ந்து இறுக வேண்டும். இதுவோ நாள்கணக்கில் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கேட்டால், "மழை ஈரம் சார், வெயில் அடிச்சா இறுகிடும்" என்றார். வெயிலும் அடித்தது, இறுகவில்லை. கடைசியில் வேலை பார்த்த தம்பிதான் உண்மையைச் சொன்னான்: "பிரஷ் கழுவ மண்ணெண்ணெயும் சேர்ப்போம்ண்ணே. அதையே ஊத்தச் சொல்லிட்டாரு."

பழைய டர்பன்டைனைத் திரும்பப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. பிரஷ் கழுவியதை ஒரு டப்பாவில் ஊற்றி மூடி வைத்தால் தூள் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து, அடுத்த முறை பிரஷ்ஷை முதலில் அதில் அலசலாம். அப்புறம் கொஞ்சம் புதியதில் ஒரு அலசல், கடைசியாக சோப்புத் தண்ணீர். நல்ல பெயின்டர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எவ்வளவு தெளிந்தாலும் பழைய பெயின்டின் பிசினும் எண்ணெயும் அதில் கரைந்தே இருக்கும், நுண்ணிய தூளும் மிதக்கும். மண்ணெண்ணெய் வேறு சேர்ந்தால், அது டர்பன்டைனைவிட மெதுவாக ஆவியாவதால் பெயின்ட் காய விடாது. அதனால் பிரஷ் கழுவியது பிரஷ் கழுவ மட்டுமே. கதவுக்கு அடிக்கும் பெயின்டில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது.

சீல் வைத்த டர்பன்டைன் டின்னை நீங்களே வாங்கி, உங்கள் கண்முன்னே உடைக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். புதியது அநேகமாகத் தடம் தெரியாமல் ஆவியாகிவிடும்; கழுவிய சரக்கு நிறத்தையோ எண்ணெய்க் கறையையோ விட்டுவிட்டுப் போகும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவின் அடியில் நின்ற கசடை எங்கள் பாத்ரூம் குழியிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு முழுக்க நெடி, குழந்தைக்குத் தலைவலி. அதை மணலில் ஊற்றி, திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் காயவைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும். எண்ணெய் பெயின்ட் துடைத்த துணிகளையும் சுருட்டிக் குவித்து வைக்க விடாதீர்கள். அந்தப் பெயின்டில் சேரும் ஆளி விதை எண்ணெய் போன்றவை பட்ட துணி குவிந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள்.

சுரண்டி, உப்புத்தாள் போட்டு, திரும்ப அடித்துக் கொடுத்தால்தான் மீதிப் பணம் என்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை.