மரத்தட்டா, இரும்பு உலக்கையா?
நீலகிரியில் கூடலூருக்கு அப்பால் தேவாலா, பந்தலூர் ஓடைகளில் பணியர், குறும்பர் பழங்குடியினர் பொன் தேடி மணலை மரத்தட்டில் அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றி அலசினார்கள். பொன் தண்ணீரைவிட 19 மடங்கு கனம். மணல் மூன்று மடங்குகூட இல்லை. மணல் வழிந்தோட, பொன்துகள் அடியில் தங்கும். குளிரில் நாளெல்லாம் குனிந்து நின்றாலும் கிடைப்பது சில துகள்களே. ஆனாலும் என் மனம் இந்தக் கைத்திறனின் பக்கமே நிற்கிறது.

1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் வந்தன. நம் காங்கேயம் காடுகளில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) என்போமே, பொன் கலந்த அதே கல்லைச் சுரங்கம் தோண்டி எடுத்து, இரும்பு உலக்கைகளால் இடித்து, பாதரசத்தில் பொன்னைப் பிடித்தார்கள். தொழிலாளர்களை மலேரியா வாட்டியது. முதலீட்டுக்கு ஏற்ற பொன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான கம்பெனிகள் மூடிவிட்டன. அவர்கள் குடைந்த சுரங்கங்கள் இன்றும் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வாய் திறந்து கிடக்கின்றன.