மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய புத்தகக் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் கடை. கனடா வரலாறு கேட்டேன். பெரியவர் ஏணியில் ஏறி, முதுகில் காடாத்துணி ஒட்டிய தடித்த நூலை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். விலை 120 ரூபாய்.

அதில் படித்தது இது: பிரெஞ்சுக்காரர்கள் குடியேறியிருந்த கனடாவின் கியூபெக் பகுதி, 1763 பாரிஸ் உடன்படிக்கையோடு பிரிட்டன் வசமானது. அங்குள்ள மாண்ட்ரியல் நகரின் விலங்குத்தோல் வணிகத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரான்சின் சரக்கும் கடனும் அறுந்துபோயின. லண்டனில் கடன் வாங்க முடிந்த ஆங்கிலேய, ஸ்காட்லாந்து வியாபாரிகள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலும், கியூபெக்கின் 14 இனக்குழுக்களின் வருமான வரிசையில் பிரெஞ்சு வம்சாவளியினருக்கு 12ஆவது இடம். அங்கே பெரும்பான்மையே அவர்கள்தான்! அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்த என் பாட்டி, துரை பங்களாவின் படியேறியதே இல்லை.

கடைசி அத்தியாயத்தில் நான்கு தாள்கள் இல்லை. திரும்பப் போய்ச் சொன்னதும், கேட்காமலே 40 ரூபாயைத் திருப்பித் தந்தார் பெரியவர். வெளிச்சம் குறைவு, பகலிலேயே போங்கள். வரலாற்று நூல்கள் இடது மூலையில், மேல் தட்டில்.