தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் எறும்பை ஒழிக்க எது ஏற்றது? ஸ்பிரே, சாக்பீஸ், பொடி, இரை: ஓர் ஒப்பீடு

சுவரோரம் எறும்புச் சாரை ஒன்று தென்பட்டதும் கைக்கு எட்டுகிற மருந்தை எடுத்து அடித்துவிடுவதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். பெரியவர்கள் மட்டுமே வாழும் வீட்டில் அதனால் வீணாவது பெரும்பாலும் மருந்தும் நேரமும்தான். தரையில் தவழ்ந்து, அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் குழந்தையோ, பாதத்தில் ஒட்டியதை நக்கியே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பூனையோ இருக்கும் வீட்டில் அந்த அவசரத்துக்கு இடமில்லை. ஆகவே எறும்பை ஒழிக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் இங்கே இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். அந்த மருந்து கூட்டுக்குள் இருக்கும் ராணி எறும்பிடம் போய்ச் சேருகிறதா என்பது முதல் கேள்வி. குழந்தையின் வாய்க்கும் விலங்கின் நாக்குக்கும் அது போய்ச் சேருமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை தரும் வழியே நமக்கு வேண்டியது. பரவலாக விற்கும் பொருள்களில் பல இதற்கு நேர்மாறான விடையைத் தருகின்றன.

நம் கண்ணில் படும் சாரை, கூட்டின் ஒரு சிறு பகுதி மட்டுமே. இரை தேடி வெளியே வருபவை வேலைக்கார எறும்புகள். ராணியும் புழுக்களும் மீதிக் கூட்டமும் சுவர் வெடிப்புக்குள்ளோ தரைக்கு அடியிலோ இருக்கின்றன. வெளியே வந்த நூறு எறும்புகளைக் கொன்றாலும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருப்பதால் சில நாட்களில் அந்த இடம் நிரம்பிவிடும். ஆனால் எறும்புகளுக்கு நமக்கு உதவக்கூடிய ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கார எறும்பு தான் குடித்த இனிப்பு நீரை வயிற்றின் முன்பையில் சேமித்துக் கொண்டுபோய், கூட்டில் உள்ள மற்றவற்றுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது; அந்தச் சங்கிலியின் முடிவில் ராணிக்கும் புழுக்களுக்கும் பங்கு போகிறது. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் சாரை என்பது நாம் அழிக்க வேண்டிய எதிரி அன்று, கூட்டுக்குள் மருந்தைச் சுமந்து செல்லக்கூடிய ஒரே பாதை.

அந்தப் பாதையைத்தான் ஸ்பிரே முதலில் அறுக்கிறது. வீட்டுப் பூச்சி ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பவை சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகள். பட்ட எறும்பை இவை உடனே வீழ்த்தும். படாத எறும்பை அந்த இடத்திலிருந்து விலக்கும். விலகிய எறும்பு வேறு வெடிப்பு வழியாக வேறு அறைக்கு வரும். இதனினும் மோசமான விளைவு, ஒரே கூட்டில் பல ராணிகளை வைத்திருக்கும் இனங்களில் நேர்கிறது. சுமார் 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள மஞ்சள் நிற ஃபாரோ எறும்புகள் மருந்து அடித்துக் கலைக்கப்பட்டால், ராணிகளும் வேலைக்கார எறும்புகளும் பிரிந்து போய்ப் பல இடங்களில் புதுக் கூடு அமைத்துக்கொள்கின்றன. ஒரு கூட்டை ஒழிக்க முனைந்தவர் சில வாரங்களில் நான்கு கூடுகளோடு போராட வேண்டி வரும்.

பாதுகாப்பிலும் ஸ்பிரே பின்தங்குகிறது. பைரித்ராய்டு மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதிச் செயல்பாடு பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நாய்களின் உண்ணிக்கென விற்கும் அடர்த்தியான பெர்மெத்ரின் மருந்தைத் தவறுதலாகப் பூனைக்குத் தடவியதால் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனைகள் இறந்திருக்கின்றன. வீட்டு ஸ்பிரேயில் அந்த அடர்த்தி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; நன்றாக உலர்ந்த தரையில் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனையையும் அதே தரையில் உள்ளங்கை ஊன்றித் தவழும் குழந்தையையும் மணிக்கணக்கில் தடுத்து வைப்பது நடைமுறையில் எளிதன்று. மீன் தொட்டி உள்ள அறையில் பைரித்ராய்டு ஸ்பிரேயை எடுக்கவே கூடாது, ஏனெனில் மீன்களுக்கு இவை மிகச் சிறிய அளவிலேயே கொடிய நஞ்சு.

எறும்பு சாக்பீஸை நான் ஸ்பிரேக்கும் கீழே வைக்கிறேன், அதுவும் எவ்விதத் தயக்கமும் இல்லாமல். அதில் கலந்திருப்பதும் அதே பைரித்ராய்டு வகைதான். ஆனால் ஸ்பிரே டப்பா டப்பாவைப் போலவே தோன்றுகிறது, இதுவோ எழுதும் சாக்பீஸைப் போலவே தோன்றுகிறது. எழுதிப் பழகும் வயதுக் குழந்தை அதைக் கையில் எடுப்பதும் வாயில் வைப்பதும் இயல்பு. இந்தக் காரணத்தாலேயே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய பூச்சிக்கொல்லிச் சாக்பீஸ்களைப் பற்றி எச்சரித்திருக்கிறது. சுவரோரம் போட்ட கோடோ தூளாகவே அங்கே கிடக்கிறது. தவழும் குழந்தையின் முகம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் இருக்கிறது. பயன் என்று பார்த்தால், கோட்டைத் தாண்டிய எறும்பு சாகும், தாண்டாதது சுற்றிப் போகும், ராணிக்கு ஒன்றும் ஆகாது.

பொடி வகைகளில் டயட்டம் மண் என்பது நுண்ணிய நீர்வாழ் உயிர்களின் சிலிக்கா ஓடுகளால் ஆனது. எறும்பின் உடலைப் போர்த்தியிருக்கும் மெழுகுப் படலத்தை உறிஞ்சியும் கீறியும் அதை உலரவைத்துக் கொல்கிறது. நரம்பு நஞ்சு ஏதும் இதில் இல்லை. ஈரம் பட்டால் வேலை செய்யாது, நுண்தூளாகப் பறந்து மூச்சுக்குழலை உறுத்தும். நீச்சல் குள வடிகட்டிக்கென விற்கும் சுட்ட வகையில் நுரையீரலுக்குத் தீங்கான படிகச் சிலிக்கா மிகுதி என்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. சுவர் வெடிப்புக்குள் மெல்லியதாகச் செலுத்தி மேலே அடைத்துவிடுவதற்கு மட்டுமே இது ஏற்றது. திறந்த தரையில் தூவுவதற்கு அன்று.

இயற்கை வழி என்ற பெயரில் பரிந்துரைக்கப்படுபவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சோப்பு நீர் இவற்றில் மிகச் சிறந்தது: பட்ட எறும்பைக் கொல்கிறது, எறும்புகள் தரையில் விட்டுச் செல்லும் வாசனைத் தடத்தையும் துடைத்துவிடுகிறது, துடைத்த தரையில் குழந்தை தவழ்ந்தாலும் கவலையில்லை. வினிகரும் தடத்தை அழிக்கும். ஆனால் இரண்டுமே கூட்டைத் தொடுவதில்லை. தேயிலை மர எண்ணெய், புதினா எண்ணெய் போன்ற அடர் எண்ணெய்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பாகத் தேயிலை மர எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு. கற்பூரம் சிறு அளவு விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். நாப்தலீன் உருண்டையோ (பாச்சை உருண்டை), ஜி6பிடி எனும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. அந்தக் குறைபாடு இருப்பதே பல பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில்லை. செடியிலிருந்து வந்தது என்பதோ பழகிய மணம் என்பதோ பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது.

எஞ்சியிருப்பது நச்சு இரை. எறும்பு விரும்பிக் குடிக்கும் இனிப்பில், மெதுவாகக் கொல்லும் நஞ்சை மிகக் குறைந்த அளவில் கலந்து வைப்பதே இதன் அடிப்படை. நஞ்சு மெதுவாக வேலை செய்தால்தான் எறும்பு கூட்டுக்குத் திரும்பி மற்றவற்றுக்கு ஊட்ட நேரம் கிடைக்கும். வீட்டிலேயே இரை தயாரிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். போராக்ஸ் எனப்படும் வெண்காரத்தை ஒரு பங்கும் சர்க்கரையை மூன்று பங்கும் கலக்கச் சொல்லும் குறிப்பு பரவலாக உலவுகிறது. அந்த அடர்த்தியில் எறும்பு கூடு சேரும் முன்பே செத்துவிடும், அல்லது இரையைத் தொடாமலே விலகிவிடும். 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்தால் போதும். போரிக் அமிலத்துக்குப் பதிலாக வெண்காரம் என்றால் சுமார் 1.5 கிராம் வேண்டும், ஏனெனில் இரண்டிலும் எறும்பைக் கொல்லும் கூறான போரானின் பங்கு வெண்காரத்தில் 11 சதவீதம், போரிக் அமிலத்தில் 17 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இந்த 1 சதவீதக் கரைசலில் பஞ்சை நனைத்து வைத்திருக்கும்போது, அதிலுள்ள 5 மில்லியையும் ஒரு குழந்தை உறிஞ்சிவிட்டதாகக் கொண்டால், உள்ளே போவது 50 மில்லிகிராம் போரிக் அமிலம். ஒரு தேக்கரண்டி தூய பொடியில் ஏறத்தாழ 3 கிராம் இருக்கிறது, அதாவது அறுபது மடங்கு. ஆக, ஆபத்து சுவரோரம் வைத்த இரையில் இருப்பதைவிட, கலந்தபின் அலமாரியில் திறந்து வைத்த பொட்டலத்தில்தான் அதிகம். போரிக் அமிலம் சாதுவான பொருள் அன்று. ஒரு காலத்தில் குழந்தைகளின் தோல் புண்ணுக்குத் தூவப்பட்டு, அதனால் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகே அந்த வழக்கம் கைவிடப்பட்டது. கருவளத்துக்கும் கருவுக்கும் தீங்கு செய்யக்கூடியது என ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் பொடியை அளந்து கலக்கும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும்.

கடையில் கிடைக்கும் மூடிய இரைப்பெட்டி இந்த இடத்தில் வீட்டுக் கரைசலை முந்துகிறது. அளக்கும் பிழைக்கு இடமில்லை, கையிருப்பாகத் தூய பொடி எதுவும் வீட்டில் மிஞ்சுவதில்லை, எறும்பு நுழையும் துளை குழந்தையின் விரலுக்கு இடம் தருவதில்லை. ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த ஜெல்களில் மருந்தின் பங்கு 0.05 சதவீதமோ அதற்கும் குறைவோதான். அப்படிப்பட்ட 30 கிராம் குழல் முழுவதிலும் 15 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். நாய் இரைப்பெட்டியைக் கடித்துவிட்டால் மருந்தைவிட விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு குடலை அடைப்பதே பெரிய கவலை. முயல் வளர்ப்பவர்கள் மட்டும் ஃபிப்ரோனிலை விலக்க வேண்டும், அது முயல்களுக்கு ஆகவே ஆகாது. ஜெல்லைப் பொறுத்தவரை, தரையில் பொட்டு வைப்பதைவிடக் கதவுக் கீல், மின்பெட்டியின் அடி, அலமாரியின் பின்புறம் போன்ற கை எட்டாத வெடிப்புகளில் வைப்பதே சரி.

இரை வைத்த முதல் இரண்டு நாட்களில் எறும்பு குறையாது, கூடும். நான் முதன்முறை இரை வைத்தபோது அந்தக் கூட்டத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, முழு வேலையையும் நானே கெடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் சாரையைத் தொடக் கூடாது, அருகில் ஸ்பிரே அடிக்கக் கூடாது, வினிகரால் துடைக்கவும் கூடாது. இரையைத் தவிர மற்ற உணவு எதுவும் எறும்புக்குக் கிடைக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நாய், பூனையின் உணவுக் கிண்ணத்தை நீர் நிரப்பிய அகலத் தட்டின் நடுவில் வைப்பது இதற்கு எளிய வழி. நான்கைந்து நாட்களாகியும் இரையை எறும்பு சீண்டவே இல்லை என்றால், அந்தக் கூடு அப்போது புரதமோ கொழுப்போ தேடுகிறது என்று கொண்டு, அவ்வகை இரைக்கு மாற வேண்டும். சிறு கூடு ஓரிரு வாரங்களில் அடங்கும், பெரிய கூடு இன்னும் நாள் எடுக்கும். சாரை முற்றிலும் நின்ற பிறகே தடத்தைச் சோப்பு நீரால் துடைத்து, வெடிப்புகளை அடைக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் இரைக்கான வழியையும் சேர்த்து அடைத்ததாகிவிடும்.

குழந்தையோ விலங்கோ இவற்றில் எதையேனும் விழுங்கியதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. வாயைத் துடைத்து, மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரையோ கால்நடை மருத்துவரையோ உடனே அணுக வேண்டும். உறையில் உள்ள மருந்தின் பெயரும் சதவீதமும் அவருக்கு முதலில் தேவைப்படுபவை. உறை தொலைந்துபோனாலும் அந்த விவரம் கையில் இருப்பதற்காகவே, இரைப்பெட்டி வாங்கிய அன்று அதன் உறையை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

இரை தோற்கும் இடமும் ஒன்று உண்டு. ஈரம் ஊறிய மரச்சட்டத்துக்குள் குடைந்து வாழும் பெரிய தச்சன் எறும்புகளுக்கு, கூடு இருக்கும் மரத்தையே கண்டுபிடித்து, நீர்க்கசிவை நிறுத்தி, கெட்டுப்போன கட்டையை மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகப் பூச்சி ஒழிப்பவரை அழைத்தால், வீடு முழுக்கத் தெளிக்காமல் கூட்டில் மட்டும் மருந்து வைக்க முடியுமா என்றும், வைக்கப்போகும் மருந்தின் பெயர் என்ன என்றும், வீட்டில் உள்ள குழந்தையின் வயதையும் வளர்ப்பு விலங்கையும் சொல்லிவிட்டு வேலை தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.