பேட்டரி ரம்பமா, பெட்ரோல் ரம்பமா?

தோட்டத்தில் கிளை கழிக்க மட்டும் என்றால் நான் பேட்டரி சங்கிலி ரம்பத்தைத்தான் சொல்வேன். நாள் முழுக்கப் பெரிய மரம் அறுப்பவருக்கு பெட்ரோல்தான் சரி. சார்ஜ் ஏறக் காத்திருக்க வேண்டாம்.

பெட்ரோல் ரம்பம் ஓடுவது சத்தத்திலேயே தெரியும், நாமும் எச்சரிக்கையாக இருப்போம். பேட்டரி ரம்பம் சத்தமில்லாமல் கிடக்கும். விசையை அழுத்திய நொடியே சங்கிலி பாயும். அதனால் சங்கிலியைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றித் தள்ளி வையுங்கள். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

பாரின் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனியில், மேல் பாதி மரத்தில் பட்டால் ரம்பம் நம் முகத்தை நோக்கி எகிறும். பேட்டரிதானே என்று அலட்சியம் வேண்டாம், இரண்டுமே எகிறும். செயின் பிரேக் (சங்கிலியைச் சட்டென நிறுத்துவது), பாதுகாப்புக் கண்ணாடி, கால் கவசம் இரண்டுக்கும் வேண்டும். பெட்ரோலுக்குக் காதடைப்பும் கட்டாயம்.

பராமரிப்பில் பேட்டரிக்கே என் ஓட்டு. பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும் (பல ரம்பங்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி), ஏர் ஃபில்டர், பிளக் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் தேங்கினால் கார்புரேட்டர் அடைக்கும். எஞ்சின் ஆறிய பிறகே டேங்கைத் திறக்க வேண்டும்.

பேட்டரியைப் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். ஆனால் சங்கிலி எண்ணெய் இதற்கும் ஊற்ற வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம், அறுக்கும்போது சீவல் விழாமல் மாவுபோலத் தூள் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. அழுத்தி அறுக்காமல் நிறுத்தி, அரம் போடுங்கள்.