கியர்பாக்ஸ் கணினியையும் படிக்கும் ஸ்கேனர்: பழைய காரில் ஓராண்டு அனுபவம்

பதினேழு ஆண்டுகள் ஓடிய என் ஆட்டோமேட்டிக் கார், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் சீரான வேகத்தில் செல்லும்போது, அடுக்கடுக்கான சிறு வேகத்தடைகள் மேல் ஏறியதுபோலச் சில நொடிகள் அதிரத் தொடங்கியது. பணிமனையில், கார் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியீடுகளை (கோடு) படிக்கும் சாதாரண கோடு ரீடரைச் செருகிப் பார்த்தவர்கள், பி0700 என்ற ஒரே கோடு வந்ததை வைத்துக் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கோடு எந்த உதிரிபாகத்தையும் குற்றம் சொல்வதில்லை. கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று எஞ்சின் கணினி தெரிவிக்கும் தகவல் மட்டுமே அது. அந்தப் பதிவைப் படிப்பதற்காகவே இந்தக் கையடக்க ஸ்கேனரை வாங்கினேன்.

செருகியதும் பி0741 என்று காட்டியது. எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில், இரு பக்கத்தையும் நேரடியாகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அதற்குப் பொருள். ஆனாலும் இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு கோடுகளில் இல்லை, ஓடும்போதே எண்களைக் காட்டும் லைவ் டேட்டாவில்தான் இருக்கிறது. என் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். லாக்-அப் ஆன் என்று திரை காட்டும்போது எஞ்சின் சுழற்சியும், கன்வர்ட்டரின் கியர்பாக்ஸ் பக்கச் சக்கரமான டர்பைனின் சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றாகிவிட வேண்டும். என் காரில் நிமிடத்துக்கு எஞ்சின் 1,750, டர்பைன் 1,600 என்று நின்று, அதிர்வு வந்த நொடியில் இரண்டும் துள்ளின. ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக் பெடலை மெல்லத் தொடச் சொன்னேன். லாக்-அப் விடுபட்டது, அதிர்வும் அந்தக் கணமே அடங்கியது. எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயராக இருக்குமோ என்ற என் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

கியர்பாக்ஸ் ஆயிலின் நிறமும் மணமும் எந்த ஸ்கேனருக்கும் தெரியாது என்பதால், அடுத்த வேலையை நம் கண்ணும் மூக்கும்தான் செய்ய வேண்டும். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பேறியிருந்தாலும் கருகிய வாடை இல்லை. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியபோது, அதில் உலோகத் துகள்களைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை மட்டுமே படிந்திருந்தது, உலோகத் துணுக்குகள் இல்லை. ஆகவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே வகை ஆயிலையும் ஃபில்டரையும் மட்டும் மாற்றினோம். சில நூறு கிலோமீட்டரில் அதிர்வு நின்றது. ஓராண்டாக அந்தக் கோடு திரும்ப வரவில்லை. கிளட்ச் தேய்ந்தே போயிருந்தால் ஆயில் மாற்றம் காப்பாற்றியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. என் கார் போன்ற பழைய வாகனங்களில் தகவல் மெதுவாகவே வருகிறது. பத்து அளவீடுகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் எண்கள் பின்தங்கிவிடுவதால், நான்குக்கு மேல் வைப்பதில்லை. ஆயில் அழுத்தத்தை அளக்கத் தனி கேஜ் தேவை. கியர்பாக்ஸில் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலினாய்டில் மின்கோளாறு என்று கோடு வந்தாலும், கனெக்டரையும் ஒயரையும் மல்டிமீட்டரால் சோதிக்காமல் புதிய சோலினாய்டு வாங்கிவிடக் கூடாது. கோடுகளை அழிக்கும் பொத்தான் மிக எளிதாக அழுந்துகிறது. அழிந்தால் கோளாறு நேர்ந்த தருணத்தின் வேகம், வெப்பநிலைப் பதிவுகளும் போய்விடும் என்பதால் முதலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாங்குமுன், உங்கள் காரின் மாடலும் ஆண்டும் இதன் பட்டியலில் எஞ்சின் பிரிவில் மட்டுமன்றி, கியர்பாக்ஸ் பிரிவிலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.